கணினி ஸ்பீக்கரில் ஓயாத ரீங்காரம், இடையிடையே சடசடப்பு: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: காரைக்குடி டி.டி.பி.

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் இருந்தபடியே டி.டி.பி. வேலை செய்து வருகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்திய மேசைக் கணினி, விண்டோஸ் 10, அதனுடன் ஒரு 2.1 ஸ்பீக்கர் தொகுப்பு வைத்திருக்கிறேன். மேசைக்கு அடியில் பெரிய பெட்டி ஒன்றும், திரைக்கு இரு புறமும் சிறிய பெட்டிகள் இரண்டும் இருக்கின்றன. வேலை செய்யும்போது மெல்லிய ஒலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால்தான் எனக்குக் கை ஓடும்.

ஏறக்குறைய இரண்டு மாதங்களாக இதில் இருவிதத் தொந்தரவு இருக்கிறது. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் "உம்ம்ம்" என்று தம்பூராவை மந்தர ஸ்தாயியில் மீட்டியதைப் போன்ற ஓசை பெரிய பெட்டியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது. இது போதாதென்று, பாட்டு ஓடும்போது எண்ணெயில் கடுகு பொரிவதைப் போல் சடசடவென்று சில நொடிகள் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது. அச்சகத்துக்குப் பெரிய கோப்புகளை அனுப்பும் நேரங்களில் இது அதிகமாக வருவதாகத் தோன்றுகிறது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

ஆடியோ ஒயரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனபோது, மதர்போர்டில் ஒலிப் பகுதி பழுதாகிவிட்டது என்றும், இந்த மாடல் போர்டு இப்போது வருவதில்லை என்பதால் பிராசஸரையும் ராமையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஓர் இரைச்சலுக்காக முக்கால் கணினியை மாற்றுவதற்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி: மைக்செட்காரர், திருச்சி

ஐயா, நீங்கள் சொல்வது ஒரு நோயின் இரண்டு அறிகுறிகளாக எனக்குத் தெரியவில்லை. ஒரே பெட்டியில் குடியிருக்கும் இரண்டு வெவ்வேறு நோய்களாகவே தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் கடைக்காரர் போர்டின் மேல் பழியைப் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஒரு பைசா செலவழிப்பதற்கு முன்னால், ஸ்பீக்கரின் ஆடியோ ஒயரைக் கணினியிலிருந்து கழற்றி உங்கள் கைப்பேசியில் சொருகிப் பாருங்கள். கைப்பேசியைச் சார்ஜரில் போட்டிருக்கக் கூடாது. அப்போது ரீங்காரம் இருக்கிறதா, கைப்பேசியில் பாட்டு ஓடும்போது சடசடப்பு வருகிறதா என்று தனித்தனியாகக் கவனியுங்கள். அடுத்து, கேபினெட்டின் பின்புறப் பச்சை நிற ஜாக்கில் ஹெட்போனைச் சொருகி, ஒரு பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டே அரை மணி நேரம் பாட்டுக் கேளுங்கள். முன்புற ஜாக் வேண்டாம். அதற்குப் போகும் மெல்லிய ஒயர் கேபினெட்டுக்குள் மின்விசிறிகளையும் மற்ற ஒயர்களையும் உரசிக்கொண்டு வருவதால், மவுஸை நகர்த்தினால்கூடச் சில கணினிகளில் அதில் கீச்சென்று கேட்கும்.

இன்னொரு கேள்வி. அந்தப் பெரிய பெட்டியின் பின்னால் கணினியைத் தவிர வேறு எதையாவது இணைத்திருக்கிறீர்களா?

மறுமொழி: அனுபவசாலி

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. எங்கள் வீட்டிலும் இதே "உம்" சத்தம் இருந்தது. கணினி பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டுச் சொருகினேன், அந்த நொடியே நின்றுவிட்டது. மூன்றாண்டுகளாக அப்படியேதான் ஓடுகிறது.

மறுமொழி: வயர்மேன், மதுரை

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். சத்தம் நின்றது உண்மையாகவே இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் ஃபேஸிலிருந்து பாடிக்கு (கேபினெட்டின் இரும்புக்கு) ஒன்றும் நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்றுமாகச் சிறிய கண்டன்சர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் இவை இரண்டுக்கும் நடுவில் கேபினெட் தொங்கிக்கொண்டிருக்கும். நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு அந்த இரும்புப் பெட்டியில் மீட்டர் காட்டும். டெஸ்டரை வைத்தால் மினுக்கும். வெறுங்காலுடன் தொட்டால் சுரீரென்று இருக்கும். அந்த மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சாதாரண நாட்களில் அதோடு போய்விடும். உள்ளே என்றாவது இன்சுலேஷன் போய் முழு ஃபேஸும் பாடிக்கு வந்துவிட்டால், எர்த் இருக்கும் வீட்டில் பியூஸ் போகும். எர்த் இல்லாத வீட்டில் மின்சாரம் ஆள் தொடுவதற்காகக் காத்திருக்கும். ஸ்பீக்கர் ஒயரின் மேலுறையும் (பிளாஸ்டிக்குக்குள் ஒலி இழைகளைச் சுற்றியிருக்கும் உலோக உறை) கேபினெட்டோடு சேர்ந்ததுதான் என்பதால், ஸ்பீக்கரைத் தொடுபவருக்கும் அதே ஆபத்து.

மூன்று பின்களில் எர்த் பின்னை மட்டும் நீளமாகச் செய்திருப்பதே, சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகத்தான்.

கேள்வி கேட்டவருக்கும் ஒன்று சொல்கிறேன். பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளைகள் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. பழகிய எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் என்ன காட்டுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் காட்ட வேண்டும்.

பதில்: காரைக்குடி டி.டி.பி.

உடனே உதவிக்கு வந்த அனைவருக்கும் நன்றி. எர்த் பின்னை நான் தொடவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, சாக்கெட்டில் எர்த் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

சோதனைகளின் முடிவைச் சொல்கிறேன். ஆடியோ ஒயரைக் கைப்பேசியில் சொருகியதும் பெரிய ரீங்காரம் நின்றுவிட்டது. முழுவதும் நிற்கவில்லை; காதைப் பெட்டியின் அருகில் கொண்டுபோனால் மட்டும் கேட்கும்படி ஒரு மெல்லிய "உம்" மிச்சம் இருக்கிறது. கைப்பேசியில் ஒரு மணி நேரம் பாட்டு ஓடியும் கடுகு பொரியவே இல்லை. மாறாக, கணினியின் பின்புற ஜாக்கில் ஹெட்போனைப் போட்டுக் கேட்டபோது ரீங்காரம் துளியும் இல்லை, கடுகு மட்டும் நன்றாகப் பொரிந்தது!

வேறு என்ன இணைப்பு என்று கேட்டிருந்தீர்கள். சொல்ல மறந்துவிட்டேன். மாலையில் அம்மா தொலைக்காட்சி பார்க்கும்போது வசனம் தெளிவாகக் கேட்பதற்காக, கேபிள் டி.வி. செட்டாப் பாக்ஸிலிருந்து சிவப்பு, வெள்ளைப் பின் ஒயர் ஒன்றை அதே ஸ்பீக்கரின் பின்னால் சொருகியிருக்கிறேன். கணினியா டி.வி.யா என்று தேர்ந்தெடுக்க ஸ்பீக்கரில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது, அது பகல் முழுவதும் கணினிப் பக்கமே இருக்கும். செட்டாப் பாக்ஸையும் பகலில் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். அதனால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுமொழி: மைக்செட்காரர், திருச்சி

அந்தச் சிவப்பு, வெள்ளை ஒயரைச் சொருகி ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகின்றன என்று நான் சொன்னால் வியப்படைய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நடப்பது இதுதான். உங்கள் கணினியின் பாடி, மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. ஆடியோ ஒயரின் மேலுறை அந்தப் பாடியை ஸ்பீக்கரோடு சேர்க்கிறது. ஸ்பீக்கரிலிருந்து டி.வி. ஒயரின் மேலுறை செட்டாப் பாக்ஸுக்குப் போகிறது. அங்கிருந்து கேபிள்காரரின் தடித்த கறுப்பு ஒயரின் மேலுறை தெருவுக்குப் போகிறது. அந்தத் தெரு ஒயரில் எத்தனையோ வீடுகளின் செட்டாப் பாக்ஸ்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் மின்பகுதியிலிருந்தும் மிகச் சிறிய கசிவு அந்த மேலுறையில் வந்து சேர்கிறது. இத்தனை கசிவும் மண்ணுக்குள் இறங்க ஒரு வழியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் கணினியின் நல்ல எர்த்தை நீங்களே அதற்குத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். அந்த மின்னோட்டம் உங்கள் ஆடியோ ஒயரின் மேலுறை வழியாக ஓடுகிறது. அந்த மேலுறைதான் பாட்டுக்கும் திரும்பும் வழி என்பதால், அதில் உண்டாகும் சிறு மின்னழுத்த வேறுபாட்டையும் ஸ்பீக்கர் பாட்டாகவே எண்ணிப் பெருக்கிவிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் ரீங்காரமும் கூடுவதற்குக் காரணம் இதுவே: அது வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்பே உள்ளே நுழைந்துவிடுகிறது. எங்கள் தொழிலில் இதை எர்த் லூப் என்போம். கல்யாண மண்டபத்தில் மிக்ஸரை ஒரு மூலையிலும் ஆம்பிளிஃபயரை வேறொரு மூலையிலும் வெவ்வேறு சாக்கெட்டில் போடும்போதெல்லாம் இதனோடு மல்லுக்கட்டித்தான் வருகிறோம்.

செட்டாப் பாக்ஸை அணைத்திருந்தேனே என்று கேட்பீர்கள். அணைக்கும் சுவிட்ச் மின்சாரத்தைத்தான் துண்டிக்கிறது. மேலுறைகள் ஒன்றோடொன்று தொட்டபடியேதான் இருக்கின்றன. ஸ்பீக்கரில் உள்ள தேர்வு சுவிட்சும் அப்படித்தான். பெரும்பாலான பெட்டிகளில் அது நடுவில் உள்ள ஒலி இழைகளை மட்டுமே மாற்றுகிறது, மேலுறைகள் இரண்டும் உள்ளே ஒரே இடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும். நம்பிக்கை வராவிட்டால், பாட்டை நிறுத்தி, வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கறுப்பு ஒயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றுவதற்கு முன் காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும், ஒரே கையால் கழற்றுங்கள், மற்றக் கை கேபினெட்டின் மேல் இருக்கக் கூடாது. கழற்றும்போது சிறு பொறி பறந்தால் கேபிள்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு வசனமும் கேட்க வேண்டும், உங்களுக்குப் பாட்டும் கேட்க வேண்டும் என்றால், கார் ஸ்டீரியோ சாமான் விற்கும் கடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேளுங்கள். உள்ளே இடது, வலது பக்கங்களுக்கு ஒவ்வொரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஒலி காந்தப்புலத்தின் வழியாகத் தாண்டிப் போகும், மேலுறைத் தொடர்பு அறுந்துவிடும். விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதைக் கணினி ஒயரில் போடாமல் டி.வி. ஒயரில் போடுங்கள். மலிவான ஐசொலேட்டர்களில் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளிரும்பு மிகவும் சிறியதாக இருப்பதால், மிருதங்கத்தின் தொப்பி ஒலி போன்ற அடி ஓசைகள் மெலிந்துவிடும். வசனத்துக்கு அது குறையில்லை, பாட்டுக்குக் குறைதான்.

மறுமொழி: நிரல் எழுதுபவர், கோவை

ரீங்காரத்துக்கு மேலே நல்ல விளக்கம் கிடைத்துவிட்டதால், நான் கடுகுக்கு வருகிறேன். பின்புற ஜாக்கில் ஹெட்போனிலும் அது கேட்டது, கைப்பேசியிலிருந்து ஓடியபோது கேட்கவில்லை என்பதால் ஸ்பீக்கர் குற்றமற்றது. கோப்பு அனுப்பும்போது அதிகமாகிறது என்பது உங்கள் பிரமையும் அன்று.

விண்டோஸ் ஒலியை ஒரே ஓட்டமாக அனுப்புவதில்லை; வழக்கமாகப் பத்து மில்லி நொடிக்கு ஒரு முறை, பந்தியில் அடுத்தடுத்து இலைக்குப் பரிமாறுவதைப் போல, ஒரு சிறு பங்கை எடுத்துவைக்கிறது. வைஃபை, திரை, வன்தட்டு போன்றவற்றின் டிரைவர்களும் (அவற்றை இயக்கும் சிறு நிரல்கள்) இடையிடையே பிராசஸரைக் கேட்கும். ஒழுங்கான டிரைவர் ஒரு மில்லி நொடியில் சிறு பகுதிக்குள் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடும். மோசமாக எழுதப்பட்ட ஒன்று பல மில்லி நொடிகள் பிடித்துக்கொண்டால், ஒலிக்கான அடுத்த பங்கு நேரத்துக்கு வராது, அலை நடுவில் அறுபடும். அந்த அறுபடுதல்தான் காதில் "டிக்" என்று விழுகிறது. அடுத்தடுத்து நேர்ந்தால் சடசட.

லேட்டன்சிமான் என்ற நிரல் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஓடவிட்டு, பாட்டைப் போட்டு, கோப்பை அனுப்புங்கள். பத்து நிமிடங்களுக்குப் பிறகு டிரைவர்கள் பகுதிக்குப் போய், அதிக நேரம் எடுத்துக்கொண்ட டிரைவர் மேலே வரும்படி வரிசைப்படுத்தினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். சவுண்ட் பகுதியில் ஸ்பீக்கரின் பிராப்பர்ட்டீஸில் என்ஹான்ஸ்மென்ட்ஸ் அனைத்தையும் நிறுத்திவிடுங்கள். ஒலியை அழகுபடுத்துவதாகச் சொல்லும் அந்த வசதிகளால் நான் பயன்பெற்றதாக நினைவில்லை.

பதில்: காரைக்குடி டி.டி.பி.

கறுப்பு ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து திருகிக் கழற்றினேன். கடைசிச் சுற்று விலகிய அதே கணத்தில், யாரோ தம்பூராவின் தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்ததைப் போல, ரீங்காரம் அப்படியே அடங்கிவிட்டது. மீண்டும் தொடவைத்தால் மீண்டும் எழுகிறது. நான்கைந்து முறை செய்து பார்த்துவிட்டு அம்மாவையும் அழைத்துக் காட்டினேன். ஐசொலேட்டர் 350 ரூபாய்க்குக் கிடைத்தது, டி.வி. ஒயரில் போட்டாயிற்று. பொறி எதுவும் பறக்கவில்லை.

லேட்டன்சிமான் பட்டியலின் உச்சியில் நெட்வொர்க் சார்ந்த ஒரு கோப்பு நின்றது, ஒன்பது மில்லி நொடிக்கும் மேல். சென்ற ஆண்டு நான் வாங்கிய சிறிய யு.எஸ்.பி. வைஃபை டாங்கிளைத்தான் அது சுட்டுகிறது என்று ஊகித்து, டாங்கிளைப் பிடுங்கிவிட்டு மோடத்திலிருந்து லேன் ஒயரை இழுத்துச் சொருகினேன். இரண்டு நாட்களாக ஒரு சடசடப்பும் இல்லை. டாங்கிளுக்குப் புது டிரைவர் இருக்கிறதா என்று பிறகுதான் பார்க்க வேண்டும்.

இரண்டு சிறு குறைகள் மிச்சமிருக்கின்றன. முன்பே சொன்ன மெல்லிய "உம்", எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டு வால்யூமைச் சுழியத்தில் வைத்தாலும் இருக்கிறது. அதோடு, வால்யூம் குமிழைத் திருகும்போது மணலில் கால் தேய்ப்பது போன்ற கரகரப்பு வருகிறது. இதையும் சரிசெய்ய முடியுமா?

மறுமொழி: ரேடியோ மெக்கானிக், கும்பகோணம்

இரண்டுமே பெட்டிக்குள் முடியும் வேலை.

முதலில் குமிழைப் பார்ப்போம். உள்ளே கரி பூசிய ஒரு தடமும் அதன் மேல் நகரும் மெல்லிய தகடும் இருக்கின்றன. தூசியும் தேய்ந்த கரித்தூளும் நடுவில் சேர்ந்தால் தகடு தூக்கித் தூக்கிப் போடும், அதுதான் கரகரப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழின் உடம்பில் இருக்கும் சிறு இடுக்கு வழியாகக் கான்டாக்ட் கிளீனரை இரண்டு பீய்ச்சல் அடித்து, இக்கடைசிக்கும் அக்கடைசிக்குமாக முப்பது முறை திருகுங்கள். நன்றாக உலர்ந்த பிறகுதான் மின்சாரம் தர வேண்டும். தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விட வேண்டாம். ஒரு வாரம் அமைதியாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயே தூசியைக் கூழாக்கிவிடும். அப்படிப்பட்ட பெட்டிகள் என்னிடம் நிறைய வருகின்றன. சுத்தம் செய்தும் கரகரப்பு நீடித்தால் குமிழையே மாற்றிவிட வேண்டியதுதான்.

அடுத்தது அந்த மெல்லிய "உம்". வால்யூமுக்குக் கட்டுப்படவில்லை என்றால் அது குமிழுக்குப் பிறகு, பெட்டியின் சொந்த மின்பகுதியிலிருந்து வருகிறது. அதிலும் ஒரு பிரிவு உண்டு. பெரிய ஸ்பீக்கரின் கூம்பின் மேல் விரல் நுனியை மென்மையாக வைத்துப் பாருங்கள். கூம்பு அசையாமல் மரப்பெட்டி மட்டும் அதிர்ந்தால், டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் தளர்ந்திருக்கின்றன. அதன் திருகுகளை இறுக்கினால் பெரும்பாலும் குறையும். கூம்பே அதிர்ந்தால் ஃபில்டர் கண்டன்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டையோடுகள் ஒவ்வொரு சுற்றின் இரு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால், அங்கிருந்து நொடிக்கு 100 மேடுகள் வரும். அந்த மேடுபள்ளத்தை நிரப்பி மட்டமாக்குவதுதான் கண்டன்சரின் வேலை. வெப்பத்தில் அது வற்றிப்போனால் பள்ளம் நிரம்பாது, 100 ஹெர்ட்ஸ் ஓசை வெளியே வரும். சுருதி ஞானம் உள்ளவர்கள் மீட்டர் இல்லாமலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் வெளியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு இது சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்கும்.

திறந்து பார்க்கும்போது, உருளை வடிவக் கண்டன்சர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்பு நிறக் கசிவு இருந்தாலோ மாற்றிவிடுங்கள். உப்பாமலும் வற்றியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவு அதேயாகவும், வோல்ட் அளவு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும்; 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் கோடு போட்ட கால் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். பற்றவைத்துப் பழக்கம் இல்லையென்றால் ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், இது அரை மணி நேர வேலை.

பதில்: காரைக்குடி டி.டி.பி.

பற்றவைக்கும் துணிவு எனக்கு இல்லாததால், பேருந்து நிலையத்தின் அருகில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொடுத்தேன். இரண்டு கண்டன்சர்களில் ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்ததைக் காட்டினார். இரண்டையும் மாற்றி, குமிழையும் சுத்தம் செய்து 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரவு பதினொரு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். பெட்டி இயங்குகிறதா என்பதையே அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரே ஒரு ஐயம். சிறிது நேரம் எதுவும் ஓடாமல் இருந்துவிட்டுப் பாட்டைப் போட்டால், தொடக்கத்தில் "டப்" என்று ஒரு சிறு ஒலி வருகிறது. இது முன்பும் இருந்திருக்கும், அந்த ரீங்காரத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது.

மறுமொழி: நிரல் எழுதுபவர், கோவை

மின்சாரத்தைச் சேமிப்பதற்காக ஒலிச் சில்லு உறங்கிவிட்டு, பாட்டு வந்ததும் விழித்துக்கொள்ளும் ஒலி அது. ஸ்பீக்கருக்கு அதனால் கேடு இல்லை. உறுத்தலாக இருந்தால், உங்கள் ஆடியோ டிரைவரின் அமைப்புப் பக்கத்தில் மின்சேமிப்பு என்ற பொருளில் ஏதேனும் தெரிவு இருக்கிறதா என்று பார்த்து அதை நிறுத்திவிடுங்கள். டாங்கிளுக்குப் புது டிரைவர் போட்டபின் லேட்டன்சிமான் என்ன காட்டுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். அதே வகை டாங்கிள் என் தம்பியின் கணினியிலும் இருக்கிறது.